அப்பாவின் 27 அங்குலம்

போன எபிசோடில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்த விஷயம் இது. "அப்பாவின் பழைய ஐமேக்குக்குப் பதிலா கடைசியில என்ன வாங்கினீங்கள்?" என்று கனபேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். மைக்குக்கு முன்னால் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க ஏலாத கதை. அதனால் இந்தக் கிழமைக் கடிதம் முழுக்க அதுதான்.

முதலில் அப்பாவின் வேலையைச் சொல்லவேணும். ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்து அவர் நினைவு மலர் செய்கிறார். ஊரில் கல்வெட்டு என்பார்கள். ஒருவர் காலமாகி 31ஆம் நாள் வீட்டுக்கு வருகிற ஆக்களின் கையில் கொடுக்கிற புத்தகம். அட்டையில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, தேவாரம், வம்சாவளி, பேரப்பிள்ளைகள் இங்கிலிஷில் எழுதின நாலு வரி, கடைசியில் நன்றி நவிலல். உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள், நாலைந்தாவது கிடக்கும்.

31 என்றால் 31தான். நாங்கள் வேலையில் "அடுத்த ஸ்பிரின்டுக்குத் தள்ளுவோம்" என்று சொல்லுவோமே, அந்தக் கதைக்கு அங்கே இடமில்லை.

அந்த வேலை எல்லாம் 2017ஆம் ஆண்டு 27 அங்குல ஐமேக் ஒன்றில் நடந்தது. என் முதல் கொன்ட்ராக்ட் காசில் வாங்கிக் கொடுத்தது. எட்டு வருஷம் ஓடியது. இந்த ஆவணியில் ஒரு மலர் 24ஆம் நாளில் நிற்கும்போது மெஷின் ஓன் ஆகப் பதினொரு நிமிடம் எடுத்தது. பக்கம் ஒன்றைத் திருப்பினால் வானவில் வட்டம் சுற்றத் தொடங்கிவிடும். எட்டு வருஷம் சுழன்ற டிஸ்க், யாரையும் குறை சொல்ல ஏலாது. அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த மலரோட நான் நிப்பாட்டிறன், தம்பி. இது போகட்டும், நானும் இருக்கிறன்."

அவருக்கு 68 வயது. அவர் நிப்பாட்டினால் உலகம் நின்றுவிடாது. ஆனால் அம்மா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "கீழ போய் இருக்க ஒரு காரணம் இல்லாட்டி மனுசன் சோபாவில இருந்தே கிழவனாப் போயிடும்." ஆகவே எனக்குத் தரப்பட்ட வேலை புது கொம்பியூட்டர் தேடுவது மட்டும் இல்லை.

முதல் வைத்தியம் மலிவானது. இதை உங்களில் பலர் இன்றைக்கே செய்யலாம். நூறு டொலருக்குக் கிட்ட ஒரு 1 ரிபி வெளி எஸ்எஸ்டி வாங்கி, உள்ளே இருந்த டிஸ்க்கை அப்படியே அதில் பிரதி எடுத்து, பின்பக்க யூஎஸ்பி-சி துவாரத்தில் செருகினேன். ஓன் பண்ணும்போது ஒப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தால் எந்த டிஸ்க்கில் இருந்து தொடங்குவது என்று கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் திரை வந்தது. 2017 ஐமேக்கில் இது நேரடியாக வேலை செய்யும். 2020 மொடலில் டி2 சிப் இருப்பதால், முதலில் ரிகவரி மோடுக்குப் போய் வெளி டிஸ்க்குக்கு அனுமதி கொடுக்கவேணும். அந்த மலர் 30ஆம் நாள் அச்சகத்தில் இருந்து வந்து சேர்ந்தது.

"அப்ப இதே காணுமே" என்றார் அப்பா. காணாது. ஏன் என்று சொல்ல, அந்த மெஷினுக்குள் என்ன ஓடியது என்று சொல்லவேணும்.

அவர் பாவிப்பது இன்டிசைன் சிஎஸ்6. 2012இல் ஒருமுறை காசு கொடுத்து வாங்கினது, சந்தா கிந்தா ஒன்றும் இல்லை. ஆனால் அது 32-பிட் மென்பொருள். 2018இல் வந்த மொஹாவிதான் 32-பிட்டை ஓட்டிய கடைசி மேக்ஓஎஸ். அடுத்த வருஷம் வந்த கற்றலினா அதை அடியோடு நிறுத்திவிட்டது. ஆகவே அப்பாவின் மெஷின் வென்ச்சுரா வரைக்கும் போகக்கூடியது என்றாலும், நான் அதை மொஹாவியிலேயே கட்டிப்போட்டு வைத்திருந்தேன். மொஹாவிக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்று நாலு வருஷம். அதே மெஷினில்தான் மனுசன் பாங்க் கணக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐரி வேலை செய்கிறவனின் வீட்டில்! இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கு.

இப்போது கடைக்குப் போவோம்.

27 அங்குல ஐமேக் இப்போது இல்லை. 2022 மார்ச் 8ஆம் திகதி மேக் ஸ்டூடியோவையும் ஸ்டூடியோ டிஸ்பிளேயையும் அறிமுகப்படுத்திய அன்றே அப்பிள் அதை விற்பனையில் இருந்து எடுத்துவிட்டது. அப்பிள் சிலிக்கனில் 27 அங்குலம் செய்கிற திட்டம் இல்லை என்று 2023 நவம்பரில் வெளிப்படையாகவும் சொல்லிவிட்டது. காத்திருக்கிற ஆக்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். காரணம், அந்தப் பெட்டி ஒரு அநியாய மலிவு. 2014இல் முதல் 5கே ஐமேக் 2,499 டொலருக்கு வந்தபோது, டெல் தனியாக அறிவித்த 5கே மொனிட்டரின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவு. மொனிட்டருக்குக் காசு கொடுத்தால் கொம்பியூட்டர் சும்மா வந்த மாதிரி.

(விலைகளை எல்லாம் அமெரிக்க டொலரில் எழுதுகிறேன். லண்டனில் இருந்தும் சிட்னியில் இருந்தும் வாசிக்கிறீர்கள், உங்கள் ஊர்க் கணக்கை நீங்களே பாருங்கள்.)

எல்லோரும் முதலில் சொல்வது 24 அங்குல ஐமேக். எம்4 சிப்போடு 2024இல் வந்தபோது 1,299 டொலர். நிறம் நிறமாக, அம்மாவுக்கே பிடித்திருந்தது. எனக்கும் அதை வாங்கி வேலையை முடித்துவிடத்தான் ஆசை. கடையில் அளவுநாடாவை எடுத்தவர் அப்பா. அவருடைய மலர்கள் அநேகமாக ஏ4. இரண்டு பக்கத்தை விரித்து வைத்தால் 42 சென்ரிமீற்றர் அகலம், 29.7 உயரம். 24 என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, அந்தத் திரை மூலைக்கு மூலை 23.5 அங்குலம்தான், உயரம் 29.3 சென்ரிமீற்றருக்குக் கிட்ட. விரித்த பக்கம் உண்மையான அளவில் அதற்குள் அடங்காது, மேலே மெனுவுக்கும் இடம் வேணும். 27 அங்குலத்தில் உயரம் 33.6, அகலம் கிட்டத்தட்ட 60. பக்கமும் அடங்கும், பக்கத்தில் கருவிகளும் நிற்கும். "கையில பிடிக்கிற அளவிலேயே பார்க்கவேணும்" என்பது அப்பாவின் நியாயம். வயதான ஆக்கள் கையில் பிடித்து வாசிக்கப்போகிற எழுத்து அது, சுருக்கிப் பார்த்து முடிவெடுக்க ஏலாது. அளவுநாடாவோடு நின்ற மனிதரைக் கடைப் பொடியன் ஒருமாதிரிப் பார்த்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்தது, பாவித்த 2020 ஐமேக். அதே 27, அதே 5கே, நல்ல விலையில் கிடைக்கிறது. நானும் ஒன்றைப் பேசி முடிக்கிற அளவுக்குப் போய்விட்டேன். பிறகு யோசித்தால், அது இரண்டு பக்கத்துக்கும் உதவாத மெஷின். கற்றலினாவோடு வந்ததால் மொஹாவிக்குத் திரும்பிப் போகாது, சிஎஸ்6 அதில் ஓடாது. முன்னாலும் வழியில்லை: இன்டெல் மெஷின்களுக்கான கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26 தாஹோதான். பழசைக் கொண்டுபோகவும் மாட்டாது, புதுசைக் கொண்டுவரவும் மாட்டாது. உங்கள் அப்பா அம்மா வெறும் படமும் மின்னஞ்சலும் பார்க்கிற ஆக்கள் என்றால் இன்னும் இரண்டு மூன்று வருஷத்துக்கு வாங்கலாம், குறை சொல்ல மாட்டேன். தொழிலுக்கு வேண்டாம்.

இந்த இடத்தில் நீங்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி: அந்த அருமையான 5கே திரையை மட்டும் எடுத்து மொனிட்டராகப் பாவிக்க ஏலாதா? நேரடியாக ஏலாது. பழைய 27 அங்குல ஐமேக்குகளில் டார்கெட் டிஸ்பிளே மோட் என்று ஒன்று இருந்தது. வயரைச் செருகினால் திரை வெறும் மொனிட்டர் ஆகிவிடும். 5கே வந்ததோடு அது போய்விட்டது. கணக்குப் போட்டால் காரணம் தெரியும். 5120க்கு 2880 புள்ளிகள், விநாடிக்கு 60 தடவை, ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட்: விநாடிக்கு 21 கிகாபிட்டுக்கு மேல். 2014இல் இருந்த டிஸ்பிளேபோர்ட் 1.2 காவக்கூடியது 17.28தான். பின்னர் வந்த தண்டர்போல்ட் 3 அதைக் காவும், ஆனாலும் அப்பிள் அந்த வசதியைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. உள்ளே இருக்கிற போர்டைக் கழற்றிவிட்டு, தனியாக விற்கிற டிரைவர் போர்ட் ஒன்றைப் பூட்டி மொனிட்டர் ஆக்குகிற ஆக்கள் இருக்கிறார்கள். கண்ணாடி பசையால் ஒட்டியிருக்கும், உள்ளே பவர் சப்ளையில் மின்சாரம் தங்கி நிற்கும். பழக்கம் இல்லாத ஆக்கள் தொடவேண்டாம். எனக்குக் கை துருதுருத்தது உண்மை. ஆனால் அந்த மெஷின் உயிரோடு வேணும், அதற்குக் காரணம் பிறகு வருகிறது.

அங்கேதான் எனக்கு விஷயம் உடைந்தது. ஐமேக் என்பது ஒரு பொருள் என்று நான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே மூன்று பொருள் ஒட்டிக் கிடக்கு. திரை, எட்டு வருஷத்துக்குப் பிறகும் நேற்று வாங்கின மாதிரி இருக்கு. கொம்பியூட்டர், அது ஐந்தாறு வருஷத்தில் களைக்கிற சாமான். மூன்றாவது அப்பாவின் கோப்புகள், அவை எங்கள் எல்லோரையும் விடக் கூட நாள் இருக்கவேண்டியவை. ஒன்று செத்தால் மூன்றும் சேர்ந்து போகிற மாதிரி ஒட்டி வைத்திருந்தோம். திரும்பவும் ஒரே பெட்டியைத் தேடுவதை விட்டுவிட்டு மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கத் தொடங்கினேன்.

கொம்பியூட்டர் சுலபம். எம்4 மேக் மினி, வாங்கும்போது 599 டொலர், 16 ஜிபி நினைவகம். 12.7 சென்ரிமீற்றர் சதுரம், உயரம் 5. அம்மாவின் சுண்டல் டப்பா இதைவிடப் பெரிசு. உள்ளே 256 ஜிபிதான். கூடுதல் இடத்துக்கு அப்பிளுக்குக் காசு கொடுக்காமல் இன்னொரு வெளி எஸ்எஸ்டி. கமரா இல்லை, விசைப்பலகை இல்லை, மவுஸ் இல்லை, பழைய யூஎஸ்பி துவாரமும் இல்லை. ஐமேக்கோடு வந்த விசைப்பலகையையும் மவுஸையும் அப்படியே சேர்த்துவிட்டேன், வேலை செய்கின்றன.

காசைத் திரையில் போட்டேன். 4கே 27 அங்குலம் பாதி விலைக்குக் கிடைக்கும், இங்கிலிஷ் மட்டும் வாசிக்கிற ஆளுக்கு அதுவே போதும். ஆனால் தமிழுக்கு? 5கேயில் ஒரு அங்குலத்துக்கு 218 புள்ளிகள், 4கேயில் 163. 4கே திரையில் அதே அளவு எழுத்து வேணும் என்றால், மேக்ஓஎஸ் முதலில் 5120 அகலத்தில் கீறி, பிறகு அதை 3840க்குள் சுருக்கிக் காட்டும். அந்தச் சுருக்கத்தில் முதலில் அடிபடுவது மெய்யெழுத்துத் தலையில் நிற்கிற புள்ளி. கடையில் ஒரே பக்கத்தைத் தொலைபேசியில் இருந்து இரண்டு திரையிலும் போட்டுப் பார்த்தோம். ஒன்பது அளவு எழுத்தில் வம்சாவளி. 4கேயில் புள்ளி இருக்கு, ஆனால் ஊத்தை மாதிரி இருக்கு. அப்பா சொன்னார்: "இதில பத்மா பதமாவாப் போனாலும் எனக்குத் தெரியாது." ஒருவரின் கடைசிப் புத்தகத்தில் மகளின் பெயர் பிழைத்தால் அதற்குப் பட்ச் விட ஏலாது.

ஸ்டூடியோ டிஸ்பிளே வந்தபோது 1,599 டொலர், உயரம் மாற்றக்கூடிய தாங்கிக்கு மேலதிகமாக 400. அருமையான சாமான், எனக்கு மனம் வரவில்லை. ஏசுஸின் புரோஆர்ட் வரிசையில் 27 அங்குல 5கே ஒன்று அப்போது 799 டொலருக்கு இருந்தது. கமராவும் இல்லை, அலுமினிய அழகும் இல்லை. திரை மினுங்காது, பேஸ்மென்டின் குழல் விளக்குக்கு அது நல்லது. மினியும் இதுவும் சேர்ந்து 1,398. நாளைக்கு மினி களைத்தால் மினியை மட்டும் மாற்றலாம்.

இனி மூன்றாவது பொருள். உண்மையில் இந்தக் கடிதத்தை எழுதவைத்தது அதுதான்.

அப்பாவின் மலர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில். யூனிகோட் பரவுவதற்கு முந்திய முறை. பாமினியில் "அம்மா" என்று எழுதினால் திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பது எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஐந்து இங்கிலிஷ் குறிகள். எழுத்துரு ஒரு முகமூடி, அவ்வளவுதான். அதைக் கழற்றினால் அம்மா இல்லை. தேட ஏலாது, தொலைபேசியில் வாசிக்க ஏலாது, இணையத்தில் போட ஏலாது. அப்பா ஏன் மாறவில்லை என்று கேட்காதீர்கள், அவர் முயன்றவர். சிஎஸ்6இல் யூனிகோட் தமிழைப் போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழை ஒழுங்காக அடுக்கிற வேல்ட்-ரெடி கொம்போசர் என்ற வசதி அதன் வயிற்றுக்குள் இருந்தது, ஆனால் மெனுவில் இல்லை. இப்போதைய இன்டிசைனில் அது வெளியில் இருக்கிறது. கடைசியில் மாதச் சந்தாவுக்குச் சம்மதித்தோம். அதைக் கட்டுவது நான், அது அப்பாவுக்குத் தெரியாது. (அப்பா, இதை நீங்கள் வாசிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.) சந்தா வேண்டாம் என்கிற ஆக்களுக்கு, 2024 ஜனவரியில் வந்த ஸ்கிரைபஸ் 1.6 இலவசம், யூனிகோட் தமிழையும் சரியாக அடுக்கும்.

சிஎஸ்6 கோப்பை ஐடிஎம்எல் என்ற வடிவில் வெளியே எடுக்கலாம். அது ஒரு ஜிப், உள்ளே வெறும் எக்ஸ்எம்எல். ஸ்கிரைபஸ் அதைத் திறக்கும், நானும் திறக்கலாம், இன்னும் முப்பது வருஷத்தில் யாரோ ஒரு பிள்ளையும் திறக்கலாம். ஆனால் அதை எடுக்க சிஎஸ்6 ஓடவேணும். அதற்குத்தான் பழைய ஐமேக்கை உடைக்காமல் வைத்திருந்தேன். புது மினியில் மொஹாவியை ஒரு வேர்ச்சுவல் மெஷினாகக்கூட ஓட்ட ஏலாது.

மொத்தம் 312 மலர்கள். ஒரு ஸ்கிரிப்டை எழுதி இரவோடு இரவாக முடித்துவிடுவேன் என்று அப்பாவிடம் வாய் கொடுத்தேன். முதல் பத்திலேயே நின்றது. எழுத்துரு காணவில்லை, படம் காணவில்லை, எந்த ஃபோல்டர் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஆறு இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பா எனக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். ஒவ்வொரு கோப்பும் திறக்க அவர் சொல்லுவார். இவர் சுன்னாகத்தில கடை வைச்சிருந்தவர். இவ உன்னைப் பிறந்தவுடன தூக்கினவ. இது இருபத்தியொரு வயதுப் பொடியன், கார் அடிச்சது, தாய் ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம் எண்டு சொன்னவ. அந்தக் கோப்பில் ஒரு எழுத்துப் பிழை இருக்கு. இரண்டு பேரும் பார்த்தோம், அப்படியே விட்டோம்.

அம்மம்மாவின் மலர் 2009. அதில் நான் எழுதின நாலு வரி இருக்கு, இங்கிலிஷில், இரண்டு இலக்கணப் பிழையோடு. எனக்கு மறந்தே போயிருந்தது.

மாற்றுகிற வேலையில் ஒரு நுட்பம் மட்டும் சொல்லுகிறேன், செய்ய நினைக்கிற ஆக்களுக்கு உதவும். கோப்பு முழுவதையும் ஒரே அடியில் பாமினியில் இருந்து யூனிகோடுக்கு மாற்றினால், நடுவில் வருகிற உண்மையான இங்கிலிஷ் எல்லாம் தமிழ்க் குப்பை ஆகிவிடும். ஐடிஎம்எல்லில் எந்தத் துண்டுக்கு எந்த எழுத்துரு என்று எழுதியிருக்கும். பாமினித் துண்டுகளை மட்டும் மாற்றவேணும். இன்னொன்று, பாமினியில் கொம்பு முதலில் வரும், யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால். "கொ" என்பதற்கு என், எஃப், எச் என்று அடித்திருப்பார்கள். வரிசையை மாற்றித்தான் எழுதவேணும். மாற்றிய பிரதியை வேறு ஃபோல்டரில் வையுங்கள், மூலத்தைத் தொடவேண்டாம்.

அப்பாவின் விரலை மட்டும் மாற்ற ஏலாது. மேக்கில் தமிழ்99 இருக்கு, அஞ்சல் இருக்கு, பாமினி விசைப்பலகை இல்லை. யூகலேலி என்ற இலவச மென்பொருளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து, அவர் பழகிய அதே விசைகளில் யூனிகோட் வருகிற மாதிரி ஒரு விசைப்பலகை செய்தேன். என் விசையை அடித்தால் ஒன்றும் வராமல் காத்திருக்கும், அடுத்து எஃப் அடித்தால் "கெ" வரும், அதன் பின்னால் எச் அடித்தால் "கொ" ஆகும். அவர் ஒரு வரி அடித்துப் பார்த்தார். "என்ன மாத்தினனீ? அதேதானே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

புது மேசையில் முதல் மலர் ஐப்பசியில். 28ஆம் நாள் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி. "தம்பி, பழைய மலரில இருந்து வம்சாவளியை எடுத்தனான். ஸ்ரீதரன் வரவேண்டிய இடத்தில சமக்குறி நிக்குது." என் ஸ்கிரிப்டில் "ஸ்ரீ"யை விட்டுவிட்டேன். பாமினியில் அது ஒரே விசை, என் பட்டியலில் இல்லை. ஸ்ரீதரன், ஸ்ரீகாந்தன், ஜெயஸ்ரீ, 312 மலரிலும் எல்லோரும் சமக்குறியாக நின்றார்கள். மூலத்தைத் தொடாததால் ஒரு வரியைச் சேர்த்து முழுவதையும் திரும்ப ஓட்டினேன், இருபது நிமிடம். அந்தச் சமக்குறியை ஒன்பது அளவு எழுத்தில், திரையில், தன் கண்ணாலேயே பிடித்தவர் அப்பா.

பழைய ஐமேக் இப்போது இணையம் இல்லாமல் பேஸ்மென்ட் படிக்கட்டுக்குக் கீழே, அம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்றைப் போர்த்துக்கொண்டு இருக்கிறது. மாதம் ஒருமுறை ஓன் பண்ணிப் பார்ப்போம். புது மேசையில் 19ஆம் நாளில் ஒரு மலர் ஓடிக்கொண்டிருக்கு. கீழே இருந்து கூப்பிடுகிறார், போகவேணும். மினியின் பவர் பட்டன் அடியில் இருக்கிறது என்பதைத் திரும்பவும் மறந்துவிட்டாராம்.